மீண்டு வந்த கடல்

கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் கோடை குளிராகத்தான் இருக்கும். காலை பத்து மணி வரை, சில நாள் மதியம் தாண்டியும், மூடுபனி கரையை விட்டு நகராது. காரில் ஒரு மணி நேரம் உள்நாட்டுப் பக்கம் போனால் 35 டிகிரி வெயில் அடிக்கும். கடலோரத்தில் 15 டிகிரி. “ஏட்டி, ஸ்வெட்டர் ரெண்டு எடுத்து வை. இங்க ஜூலைதான் குளிரு” என்று தோழி போனில் சொல்லியிருந்தாள். பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது கணவர், மகளோடு பசிபிக் குரோவ் என்கிற சிற்றூரில் குடியிருக்கிறாள். பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இந்த ஆண்டுதான் கைகூடியது. அமெரிக்காவில் என் முதல் வாரம் முழுவதும் அந்தக் கடலோரத்திலேயே கழிந்தது.

அந்தக் குளிருக்குக் காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. கோடையில் வடமேற்கிலிருந்து கரையை ஒட்டிக் காற்று வீசுகிறது. அது மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் ஒதுக்கிவிட, அந்த இடத்துக்கு ஆழத்து நீர் ஏறி வருகிறது. கையை விட்டால் விரல் மரத்துப்போகும் குளிர். ஆனால் அடியில் தங்கிக் கிடந்த சத்தெல்லாம் அதோடு சேர்ந்து வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. வெயிலும் சத்தும் கூடிய இடத்தில் நுண்பாசி பெருகும். அதைத் தின்னச் சென்னாக்கூனி போன்ற கிரில் பெருகும், பிறகு நெத்திலி, சாளை, அவற்றின் பின்னால் கூழைக்கடா, கடற்சிங்கம், திமிங்கலம். போதாததற்கு இந்த விரிகுடாவின் நடுவில் ஒரு மாபெரும் பள்ளத்தாக்கும் இருக்கிறது. மாஸ் லேண்டிங் துறைமுகத்தின் வாசலிலேயே தொடங்கி, கடலடியில் 3,600 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. ஆழ்கடல் இவ்வளவு பக்கத்தில் வந்து கரையைத் தொடும் இடங்கள் உலகத்தில் அதிகமில்லை.

இத்தனை வளமான கடலை மனிதர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்குள் துடைத்து எடுத்தார்கள். முதலில் நீர்நாய், பிறகு திமிங்கலம், பிறகு அபலோனி என்கிற பெரிய கடல் நத்தை, கடைசியில் சாளை. நான் அங்கே பார்த்த கடல், அப்படித் துடைக்கப்பட்ட பிறகு திரும்பி வந்த கடல். தானாகத் திரும்பி வரவில்லை. அதற்காக மல்லுக்கு நின்ற ஆட்கள் இருந்தார்கள். எழுதப்பட்ட சட்டங்கள் இருக்கின்றன. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வாரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிதாகப் பட்டது.

விமான நிலையத்துக்குத் தோழியின் வீட்டுக்காரர் வந்திருந்தார். வேகச்சாலையில் போகாமல், கடலை ஒட்டிய ஒன்றாம் எண் சாலையில் அழைத்துப் போனார். பாதி வழியில் ஆன்யோ நுவெவோ என்ற இடம். மணல்மேடுகளுக்கு நடுவே வெகுதூரம் நடந்து போனால் யானை சீல்கள் கிடக்கும் கரை வருகிறது. ஜூலையில் ஆண் சீல்கள் தோலுரிக்க வருகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு டன் எடை, தொங்கும் மூக்கு, பழைய தோல் முடியோடு சேர்ந்து பட்டை பட்டையாக உரிந்துகொண்டிருந்தது, அடியில் புதுத் தோல் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. அருகில் போனால் நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஒன்று துடுப்பால் மணலை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு, பெருமூச்சு விட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுப்பதற்காக இவற்றைக் கொன்று குவித்ததில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் மட்டும் நூறுக்கும் குறைவாக மிஞ்சியிருந்தன. 1922-இல் மெக்சிகோ அரசு பாதுகாப்புக் கொடுத்தது. 1955-இல் சில சீல்கள் ஆன்யோ நுவெவோவுக்கு வந்தன. 1961-இல் முதல் குட்டி இங்கே பிறந்தது. இப்போது பசிபிக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் அந்த நூறுக்குள் அடங்கிய கூட்டத்தின் வாரிசுகள்.

சாந்தா குரூஸ் தாண்டினால் வாட்சன்வில்லின் ஸ்ட்ராபெரி வயல்கள். அதே மூடுபனிதான் இந்தப் பழத்துக்கும் உயிர். கறுப்பு பிளாஸ்டிக் விரித்த பாத்திகளுக்கு இடையே, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, இடுப்பு ஒடியக் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். தோழியின் வீட்டுக்காரர் இந்த வட்டாரப் பண்ணைகளுக்குப் பாசனக் கருவிகள் அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். “இங்க கடைக்குப் போய் டப்பாவ எடுக்கும்போதெல்லாம் அந்த முதுகுதான் எனக்கு ஞாபகம் வரும்” என்றார்.

பசிபிக் குரோவில் தோழி என்னை அதிகாலையிலேயே எழுப்பிவிட்டாள். அந்தக் கரையில் கோடைக்காலத்து ஆழமான வற்றம் விடியற்காலையில்தான் வரும். பாயிண்ட் பினோஸ் கலங்கரை விளக்குக்குக் கீழே பாறைகளில் இறங்கினோம். 1855 முதல் எரிந்துவரும் விளக்கு அது. அந்த மேற்குக் கரையில் இடைவிடாமல் பணி செய்துவரும் விளக்குகளில் மூத்தது. கடல் விலகிய பாறையிடுக்குகளில் நீர் தேங்கி நின்றது. பன்னிரண்டு வயது மகள் முன்னால் போனாள். “பெரியம்மா, பாசி மேல கால் வைக்காதீங்க, வழுக்கும். கல்லைப் புரட்டினா மறுபடி அதே மாதிரி வெச்சிடணும்” என்று சட்டம் சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு குட்டைக்கு முன்னால் நெடுநேரம் குந்தியிருந்தேன். கையகல நீர்தான். பச்சைக் கடல் சாமந்தி ஒன்று விரிந்திருந்தது. அதன் கைகளில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன நண்டு திமிறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சங்கு ஒன்று நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் உள்ளே இருந்தது நண்டு. ஊதா நிறக் கடல் முள்ளெலிகள் பாறையைக் குடைந்து ஆளுக்கொரு குழியில் உட்கார்ந்திருந்தன. கொட்டலசுகள் நீருக்குள் இருந்தவை மட்டும் வாயைத் திறந்து இறகு போன்ற கால்களை வீசி வீசி எதையோ அள்ளித் தின்றன. ஆரஞ்சு நிற நட்சத்திர மீன் ஒன்று மட்டிக்கூட்டத்தின் மேல் கவிழ்ந்து, ஒரு மட்டியைத் திறப்பதற்காக இழுத்துப் பிடித்திருந்தது. நாங்கள் திரும்பும் வரை அது பிடியை விடவில்லை.

இந்தப் பாறைகள் இப்படி இருப்பதற்கு ஜூலியா பிளாட் என்ற பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டும். விலங்கியலில் தேர்ந்த ஆய்வாளர். முதுகெலும்பிகளின் தலை, கருவில் எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி ஆராய்ந்தவர். 1898-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அமெரிக்கா திரும்பினால் பெண்ணுக்குப் பேராசிரியர் வேலை கொடுக்க ஆளில்லை. பசிபிக் குரோவில் வந்து தங்கி, ஊர்க்காரியங்களில் இறங்கினார். கடற்கரைக்குப் போகும் வழியை ஒருவர் கதவு போட்டுப் பூட்டியபோது, கோடரியை எடுத்துக்கொண்டு போய் அதை உடைத்தவர் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். 1931-இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ஊர் மேயரானார். பக்கத்து ஊரில் மீன் ஆலைகள் கழிவைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. தன் ஊர்க் கடலோரத்தைக் காக்கும் அதிகாரத்தை மாநில அரசிடமிருந்து நகரத்துக்குப் பெற்று, ஒரு பகுதியில் எந்த உயிரையும் எடுக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தார். 1935-இல் இறந்துபோனார். அவர் காப்பாற்றிய கரையில் பெரிய மாற்றம் எதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. யாரும் கேட்காத நேரத்தில், பலன் தன் ஆயுளுக்குள் வராது என்று தெரிந்தும் ஒருவர் அதைச் செய்துவைத்தார் என்பதை நினைத்து அந்தப் பாறையிலேயே சிறிது நேரம் நின்றேன்.

அங்கிருந்து கடலோர நடைபாதையில் கிழக்கே நடந்தால் கேனரி ரோ வந்துவிடும். நடைபாதையே பழைய ரயில் தடம்தான். தெருவில் இப்போது விடுதிகள், மிட்டாய்க் கடைகள், டி-ஷர்ட் கடைகள். ஒரு காலத்தில் இதன் கடல் பக்கம் முழுக்க சாளையை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் நின்றன. சிசிலியிலிருந்து வந்த மீனவர்கள் நிலவில்லாத இரவுகளில் கடலுக்குப் போய், நீரில் சாளைக்கூட்டம் மினுங்குவதைப் பார்த்து வலையை வளைத்தார்கள். படகு வந்ததும் ஆலையின் சங்கு ஊதும். ஒவ்வோர் ஆலைக்கும் ஒவ்வொரு சத்தம். நடுராத்திரியானாலும் தன் ஆலையின் சங்கைக் கேட்டு எழுந்து ஓட வேண்டும். ஓடியவர்களில் நிறையப் பேர் பெண்கள். தலையும் குடலும் நீக்கி, டப்பாவில் அடுக்கி, மீன் தீரும் வரை நிற்க வேண்டும். சாளைச் செதில் கையில் ஒட்டினால் எப்படி இருக்கும், அந்த வாடை துணியை விட்டுப் போக எத்தனை சோப்பு வேண்டும் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் பிடித்த சாளையில் பெரும்பகுதி மனிதர் வயிற்றுக்குப் போகவில்லை. அரைத்துக் காயவைத்து, கோழித் தீவனமாகவும் உரமாகவும் எண்ணெயாகவும் ஆக்கினார்கள். அதில்தான் லாபம் அதிகம். 1940-களின் தொடக்கத்தில் மான்டரேயில் மட்டும் ஒரே பருவத்தில் 2 லட்சம் டன்னுக்கு மேல் வந்து இறங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வலைகள் காலியாக வந்தன. கடலின் வெப்பநிலை மாறும்போது சாளை தானாகவே கூடியும் குறைந்தும் வரும் மீன். குறையும் காலத்திலும் விடாமல் பிடித்ததுதான் அதன் முதுகெலும்பை முறித்தது. கடைசி ஆலை 1973-இல் மூடியது.

இது நடக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தவர்களில் ஒருவரின் வீடு அதே தெருவில் இருக்கிறது. 800-ஆம் எண், மரப்பலகையால் ஆன சின்னக் கட்டடம். இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கி நிற்கிறது. எட் ரிக்கெட்ஸ் என்பவரின் ஆய்வுக்கூடம். பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கடல் உயிர்களின் மாதிரிகளைப் பதப்படுத்தி அனுப்பிப் பிழைத்தவர். பட்டம் எதுவும் இல்லை. 1939-இல் அவர் ஜாக் கால்வினோடு சேர்ந்து எழுதிய கடலோர உயிர்கள் பற்றிய நூல், உயிர்களை இனவாரியாகப் பிரிக்காமல் எந்த இடத்தில் எதனோடு வாழ்கின்றன என்று வரிசைப்படுத்தியது. அன்றைக்கு அது புதிது. பாறைக்கரை, மணற்கரை, அலை அடிக்கும் இடம், அடிக்காத இடம் என்று பார்க்கும் பார்வை. ஜான் ஸ்டைன்பெக் இவருடைய நெருங்கிய நண்பர். 1945-இல் வந்த ‘கேனரி ரோ’ நாவலில் வரும் டாக் என்கிற பாத்திரம் இவரை வைத்து எழுதியதுதான். 1948-இல் தெருமுனையில் ரயில் பாதையைக் கடக்கும்போது இவருடைய காரில் ரயில் மோதி, சில நாளில் இறந்தார். அந்த இடத்தில் மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள். யாரோ அதன் கையில் காட்டுப்பூக்களைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

கடைசியாக மூடிய ஆலை, ஹோவ்டன் என்ற நார்வேக்காரருடையது. அந்த இடத்தில்தான் 1984 அக்டோபரில் மான்டரே விரிகுடா மீன்காட்சியகம் திறந்தது. ஆலையின் கொதிகலன்களை அப்படியே உள்ளே விட்டு வைத்திருக்கிறார்கள். கெல்ப் என்கிற ராட்சதக் கடற்பாசியின் காட்டை எட்டரை மீட்டர் உயரத் தொட்டியில் உயிரோடு வளர்க்கிறார்கள். மேலே கூரை கிடையாது. பாசிக்கு வெயில் வேண்டும். நீர் வெளியே இருக்கும் விரிகுடாவிலிருந்தே வருகிறது. நல்ல பருவத்தில் இந்தப் பாசி நாளுக்கு ஒரு அடிக்கு மேல் வளரும். கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தால், பொன்பழுப்பு இலைகள் அலையோடு ஒருசேரப் போய் ஒருசேரத் திரும்புகின்றன. நடுவே சாளைக்கூட்டம் வந்து, ஒரே நொடியில் திரும்பி, வெள்ளித் தகடாக மின்னிவிட்டுப் போனது. இதே மனையில் டன் கணக்கில் அரைபட்ட மீன். அந்தக் கூட்டத்தைப் பார்க்கச் சிறுவர்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

நீர்நாயைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மாஸ் லேண்டிங்கை ஒட்டி எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற கழிமுகம் இருக்கிறது. கரையில் நின்றாலே போதும், இருபது முப்பது நீர்நாய்கள் மல்லாந்து மிதப்பதைப் பார்க்கலாம். பின்கால்களை நீருக்கு வெளியே தூக்கி வைத்திருக்கும். ஈரம் பட்டால் குளிரும் என்பதற்காக. திமிங்கலத்துக்கும் சீலுக்கும் இருப்பதுபோல் இதற்குத் தோலடிக் கொழுப்பு இல்லை. முடிதான் போர்வை. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் முடி வரை இருக்கும். அந்த அடர்த்திக்குள் காற்றைச் சிறைப்பிடித்து வைத்தால்தான் உயிர் தப்பும். அதனால் ஓயாமல் முடியைத் தேய்த்துத் தேய்த்துச் சீவுகிறது. உடம்புச் சூட்டைக் காப்பாற்றத் தன் எடையில் கால் பங்கு தினமும் தின்றாக வேண்டும்.

ஒன்று எங்களுக்கு எதிரே மூழ்கி எழுந்தது. நெஞ்சின் மேல் ஒரு கல்லை வைத்துக்கொண்டது. இரண்டு கையாலும் மட்டியைப் பிடித்து அந்தக் கல்லில் டக் டக்கென்று அடித்தது. சத்தம் கரைக்குத் தெளிவாகக் கேட்டது. உடைந்ததும் சதையை நக்கி எடுத்து, உடம்பை ஒரு சுற்று உருட்டி ஓட்டுத்துண்டுகளைக் கழுவிவிட்டு, மறுபடி மல்லாந்தது. கல்லை மட்டும் விடவில்லை. அக்குளுக்கடியில் இருக்கும் தோல் மடிப்பில் வைத்துக்கொண்டு அடுத்த முறை மூழ்கியது.

அந்த முடிதான் இதற்கு எமனானது. 18-ஆம் நூற்றாண்டிலிருந்து ரஷ்யர்களும் அமெரிக்கர்களும் தோலுக்காக வேட்டையாடி, சீனச் சந்தைக்கு ஏற்றி அனுப்பினார்கள். 1911-இல் நான்கு நாடுகள் கையெழுத்திட்டு வேட்டையை நிறுத்தியபோது, கலிஃபோர்னியாவில் இது அழிந்துவிட்டது என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். பிக் சர் மலையடிவாரத்தில், பிக்ஸ்பி ஓடை கடலில் சேரும் இடத்தில் சுமார் ஐம்பது மிஞ்சியிருந்தன. சாலை போடப்படாத கரை என்பதால் தப்பியவை. 1938-இல்தான் இது வெளியுலகுக்குத் தெரிந்தது. இன்று கலிஃபோர்னியாவில் சுமார் 3,000 நீர்நாய்கள் இருக்கின்றன. எல்லாம் அந்த ஐம்பதின் வழி வந்தவை. தாயை இழந்த குட்டிகளை மீன்காட்சியகத்தில், கடலுக்குத் திரும்ப முடியாத பெண் நீர்நாய்களிடம் கொடுத்து வளர்த்து, எல்க்ஹார்ன் ஸ்லூவில் விட்டிருக்கிறார்கள். அங்கே பிறகு பெருகிய எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இந்தக் குட்டிகளும் அவற்றின் வழிவந்தவையும்தான்.

தோழி வீட்டு மாடி ஜன்னலிலிருந்து விரிகுடா தெரியும். ஒரு ராத்திரி தூரத்தில் கடல் மேல் பச்சையும் வெள்ளையுமாகக் கண் கூசும் வெளிச்சம். கணவாய் பிடிக்கிற படகுகள். வெளிச்சத்தைக் கண்டால் கணவாய் மேலே ஏறி வரும். அந்த வாரம் கடையில் வாங்கி, மிளகு தூக்கலாகப் போட்டு அவள் தொக்கு வைத்தாள். சாப்பிடும்போதுதான் இந்த மீன்பிடிப்பை இங்கே தொடங்கியவர்களைப் பற்றிச் சொன்னாள்.

1850-களில் சீனர்கள் இங்கே குடும்பம் குடும்பமாகக் குடியேறி, பாயிண்ட் அலோன்ஸ் என்ற முனையில் மீனவக் குப்பம் அமைத்தார்கள். இந்த விரிகுடாவில் மீன்பிடியைத் தொழிலாக முதலில் நடத்தியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். பகல் மீன்பிடியிலிருந்து மற்றவர்கள் அவர்களை ஒதுக்கத் தொடங்கியபோது, இரவில் படகு முனையில் விறகுத் தீ எரித்துக் கணவாய் பிடித்தார்கள்; காயவைத்துச் சீனாவுக்கு அனுப்பினார்கள். பக்கத்திலேயே கிறித்தவ சபையினரின் கோடை வாசஸ்தலமாக வளர்ந்த ஊர் பசிபிக் குரோவ். கருவாட்டு வாடை பற்றிப் புகார் மேல் புகார். 1906 மே மாதம் குப்பம் தீப்பற்றி எரிந்தது. யார் வைத்த தீ என்று தெரியவே இல்லை. வேண்டுமென்றே வைத்தது என்ற சந்தேகம் இன்றும் இருக்கிறது. நிலத்தின் சொந்தக்காரர்கள் அவர்களை மறுபடி அங்கே வீடு கட்ட விடவில்லை. இப்போது அந்த முனையில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அந்தக் குப்பத்து வம்சாவளியினர் ஆண்டுதோறும் மே மாதம் நினைவு நடை நடத்துகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நகரசபை மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. “மீனெல்லாம் திரும்பி வந்துட்டு. அந்தச் சனங்க குப்பம் வரலையேட்டி” என்றாள். கருவாடு காயும் குப்பத்து வாசலில் வளர்ந்த எங்கள் இருவருக்குமே அந்த வாடைப் புகார் புதிதில்லை.

தோழி ஓய்வு நாட்களில் பாயிண்ட் லோபோஸ் என்ற கடல்முனையில் தன்னார்வலராக வேலை செய்கிறாள். தொலைநோக்கியை நிறுத்திவைத்து வருகிறவர்களுக்குக் காட்டுவதும் விளக்குவதும் வேலை. மான்டரே சைப்ரஸ் மரம் இயற்கையாக வளரும் இடம் உலகத்திலேயே இரண்டுதான்: இந்த முனையும், வடக்கே எதிரில் தெரியும் இன்னொரு முனையும். காற்றில் முறுகி, செங்காவிப் பாசி படர்ந்து, பாறை விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. 1850-களில் சீன மீனவர்கள் கட்டிய ஒரு மரக்குடில் இங்கே மட்டும் தப்பி நிற்கிறது, இப்போது அருங்காட்சியகம். குடிலின் தரைக்கட்டைகளுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருப்பவை திமிங்கலத்தின் முதுகெலும்புகள். வெளியே திமிங்கலக் கொழுப்பைக் காய்ச்சிய இரும்புக் கொப்பரை. பிறகு ஜப்பானிலிருந்து வந்த கொதானி கென்னொசுகே என்ற கடல் அறிஞர், சொந்த ஊர் முக்குளிப்பவர்களை வரவழைத்து அபலோனி எடுத்தார். இங்கேயே ஆலை வைத்து டப்பாவில் அடைத்தார்கள். உள்ளங்கையைவிடப் பெரிய ஓட்டை வெளிச்சத்தில் திருப்பினேன். உட்புறம் நீலமும் பச்சையும் இளஞ்சிவப்பும். முத்துச் சிப்பியின் உட்புறம் பார்த்துப் பழகிய கண்ணுக்கே அது அதிசயமாக இருந்தது. இங்கே 1997 முதல் அபலோனி எடுக்கத் தடை. இன்னும் பழைய அளவுக்குத் தேறவில்லை.

பிக் சர் சாலையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் கூட்டப் போவதில்லை. 1932-இல் கட்டிய பிக்ஸ்பி பாலத்தில் எல்லோரும் பாலத்தைப் படம் எடுத்தார்கள். நான் கீழே எட்டிப் பார்த்து, அந்த ஐம்பதும் ஒளிந்திருந்த கடற்பாசிக் காட்டைத் தேடினேன். இருந்தது.

திமிங்கலம் பார்க்க மான்டரே துறையிலிருந்து படகில் போனோம். பள்ளத்தாக்கின் விளிம்புக்கு வந்ததும் படகோட்டி இன்ஜினை அடக்கினார். முதலில் நீர் கொதிப்பதுபோல் நெத்திலி துள்ளியது. கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. பிறகு நீர் பிளந்து, ஒரு வாய் எழுந்தது. கூன்முதுகுத் திமிங்கலம், வாயை அகலத் திறந்தபடி. தொண்டை மடிப்புகள் விரிந்து உப்பியிருந்தன. மேல்தாடையிலிருந்து சீப்புப்போல் இழைகள் தொங்கின. இரண்டாவதும் மூன்றாவதும் அதனருகில் எழுந்தன. அவை விட்ட மூச்சு காற்றோடு எங்கள் மேல் வந்தது. அழுகிய மீன் வாடை, ஈரம். பக்கத்தில் நின்ற முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். இதே மாஸ் லேண்டிங்கில் 1919 முதல் 1926 வரை திமிங்கலத்தை இழுத்து வந்து அறுக்கும் நிலையம் இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து ரிச்மண்டில் கடைசித் திமிங்கல நிலையம் மூடியது 1971-இல்தான். 1972-இல் கடல் பாலூட்டிகளைக் காக்கும் சட்டம். 1976-இல் கடலோரத்தை எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் மாநிலச் சட்டம். 1992-இல் இந்தக் கரையின் 276 மைல் நீளத்துக்கு எண்ணெய்க் கிணறு தோண்ட முடியாதபடி கடற்காப்பகம். சட்டம் என்றால் காகிதம்தானே என்று சொல்பவர்களை அந்தப் படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தோழி என்னை நம்ப விடவில்லை. சாளை நடுவில் திரும்பி, மறுபடி குறைந்து, 2015 முதல் பெரிய அளவிலான பிடிப்பு நிறுத்தப்பட்டிருக்கிறது. 2013-இல் நட்சத்திர மீன்களுக்கு ஒரு நோய் வந்து, கைகள் கழன்று கரைந்து செத்தன. இருபதுக்கு மேல் கைகளோடு சைக்கிள் சக்கரம் அளவுக்கு வளரும் சூரியகாந்தி நட்சத்திர மீன் இந்தக் கரையில் இல்லாமலே போய்விட்டது. அது தின்றுகொண்டிருந்த கடல் முள்ளெலிகள் பெருகின. அடுத்த ஆண்டுகளில் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடானது. முள்ளெலிகள் கெல்ப் காடுகளை மொட்டையாக்கின. மான்டரேயில் சில திட்டுகளாவது தப்பியிருக்கின்றன என்றால், அங்கே முள்ளெலியைத் தின்ன நீர்நாய் இருந்ததும் ஒரு காரணம். ஒரு காலத்தில் ஐம்பதாகச் சுருங்கியிருந்த பிராணி, இன்று காட்டைக் காக்கிறது. சூரியகாந்தி நட்சத்திர மீனை ஆய்வுக்கூடங்களில் முட்டையிலிருந்து வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு அவள் கேட்டாள்: “நம்மூர்ல முத்துக் குளிச்சது எப்ப நின்னுச்சு?” 1961 என்றேன். அதற்குப் பிறகு மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிப் பார்களில் அரசு முத்துக்குளிப்பு நடத்தவில்லை. 1973-இல் தூத்துக்குடி மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். பிறகு சிப்பிக் குஞ்சுகளையும் பொரிக்க வைத்தார்கள். ஆனால் பார் பழைய பாராகவில்லை. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோனதில் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. மூன்றாவதாக வான் தீவும் கரைந்துகொண்டிருந்தபோது, அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். தீவு நின்றது, அந்தச் செயற்கைப் பாறைகளில் பவளம் ஒட்டத் தொடங்கியிருக்கிறது. “நெசமாவா? நம்மூர்லயா?” என்றாள். எந்த வருஷம் இறக்கினார்கள், யார் கேட்டு நடந்தது, இப்போது என்ன மீன் வருகிறது, வேடிக்கை பார்க்கப் படகு விடுவார்களா என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். பாதிக்கு எனக்குப் பதில் தெரிந்தது. மீதியை ஊருக்குப் போய் விசாரித்து எழுதுவதாகச் சொன்னேன். டிசம்பர் லீவில் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாள்.